பிவிடிஎஃப் படலத்துக்கு எந்தச் சூடு? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

மேசையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்றில் ஒட்டியிருந்த படலம் மோர் சிந்திக் காய்ந்தது போல வெளுத்திருந்தது. இன்னொன்றில் படலம் இருப்பதே, தகட்டை விளக்குக்கு நேரே சாய்த்தால்தான் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே டப்பாவில் எடுத்த பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃப்ளோரைடு என்ற பிளாஸ்டிக்) பொடி, ஒரே கரைப்பான், ஊற்றிய கையும் ஒன்றுதான். பட்ட சூடு மட்டும் வேறு.

"அண்ணா, வெள்ளைதான் ஜாஸ்தி காட்டுது. அதையே வச்சுக்கலாமா?" என்று கேட்டாள் மாணவி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழை ஆயாவிடம் கற்றாள், இயற்பியலை ஆங்கிலத்தில் கற்றாள். எங்கள் பேச்சு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓடும். மின்தேக்கத்தை அளக்கும் எல்சிஆர் மீட்டர் வெள்ளைப் படலத்துக்கு 100 ஹெர்ட்ஸில் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதன் அளவு) 14-க்கு மேல் காட்டியது. தெளிவான படலத்துக்கு 10-ஐ ஒட்டி.

எண் பெரியது, அதனால் வெள்ளைதான் உசத்தி என்று தோன்றும். ஆனால் படலம் ஏன் வெளுத்தது? உள்ளே நுண்ணிய ஓட்டைகள் விழுந்து ஒளி சிதறுவதால். ஓட்டைக்குள் இருக்க வேண்டியது காற்று, காற்றின் மாறிலி 1. அப்படியானால் ஓட்டை விழுந்த படலம் குறைவாகத்தானே காட்ட வேண்டும்? கூடுதலாகக் காட்டினால் உள்ளே காற்றைத் தவிர வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

பிவிடிஎஃப் வைத்து வேலை தொடங்குகிறவர்கள் எல்லோருமே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எப்படி ஆறவிடுவது? எனக்குத் தெரிந்து நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடுவதற்கு முன் படலத்துக்குள் சூடு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பிவிடிஎஃப் சங்கிலியில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃப்ளோரின். ஃப்ளோரின் பக்கம் எதிர்மின் சாய்வு, ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் சாய்வு. ஆக ஒவ்வொரு கண்ணியும் ஒரு குட்டி இருமுனை. சங்கிலி நேராக நீண்டு நின்றால் ஃப்ளோரின்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து, இருமுனைகள் ஒன்றோடொன்று கூடும். அது பீட்டா நிலை. சங்கிலி முறுக்கிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலி எதிர்த்திசையில் அடுக்கினால் இருமுனைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அது ஆல்ஃபா. இரண்டுக்கும் இடைப்பட்ட காமாவும் உண்டு. ஜப்பானியர் ஹெய்ஜி கவாய் 1969-ல் இந்தப் பொருளை இழுத்து, மின்புலத்தில் வைத்து, அழுத்தினால் மின்சாரம் தரும் என்று காட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் பீட்டாவைத் துரத்துகிறார்கள்.

படலம் முழுவதும் படிகமாக இருக்காது. ஏறக்குறைய பாதி படிகம், மீதி ஒழுங்கில்லாத நூல்கண்டு. அந்த நூல்கண்டு உறைவது மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கத்தில்தான். அதனால் அறை வெப்பநிலையில் அது இன்னும் நெளிந்துகொண்டே இருக்கிறது. சின்ன மின்புலத்தில் நாம் அளக்கும் 8 முதல் 12 வரையிலான மாறிலியில் பெரும்பங்கு இந்த நெளிவுதான். படிகத்துக்குள் இருக்கும் இருமுனைகள் பூட்டப்பட்டவை, சின்னப் புலத்துக்கு அசையாது. இதனால்தான் "சூட்டில் வைத்துப் பதனிட்டேன், படிகம் கூடியது, ஆனால் மாறிலி குறைந்துவிட்டதே" என்று சிலர் குழம்புகிறார்கள். குறையலாம், கூடவும் செய்யலாம். பூட்டிய பங்கு எவ்வளவு, நெளியும் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது.

படிகமாவதைப் பற்றி இந்த ஊரில் நீட்டி விளக்கத் தேவையில்லை. 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்கள் வந்ததே கரும்புத் தோட்டத்துக்குத்தான். பாகை நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் கற்கண்டு, அதே சர்க்கரையை உருக்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆறவைத்தால் பஞ்சு மிட்டாய். கீழே வருவது அதே கதைதான், சர்க்கரைக்குப் பதில் ஃப்ளோரின்.

முதல் வழி, 60 டிகிரியில் மெல்ல உலர்த்துவது. பொடியை டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடியில் ஊற்றி, 60 முதல் 70 டிகிரிக்குள் கரைப்பானை வெளியேற்றினால் பெரும்பாலும் பீட்டா கிடைக்கும். அடுப்பும் சாதாரணமானது போதும், மாணவர்களுக்குப் பிடித்த வழி இதுதான். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால், அலை எண் 840-லும் 1275-லும் அழகாக முகடு நிற்கும், 763-ல் ஆல்ஃபா ஏறக்குறைய இருக்காது. (840-ஐ மட்டும் பார்த்து "பீட்டா 90 சதவீதம்" என்று எழுதிவிடாதீர்கள். காமாவுக்கும் அங்கேயே முகடு உண்டு. பீட்டாவின் 1275-ஐயும் காமாவின் 1234-ஐயும் பார்த்துவிட்டுப் பேசலாம்.)

குறை என்னவென்றால் இந்த ஊர்க் காற்று. டர்பனில் பிப்ரவரி மாதத்து ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தொடும். டிஎம்எஃப் நீரை விரும்பிக் குடிக்கும் திரவம், பிவிடிஎஃப் நீரை வெறுக்கும் பொருள். மெல்லக் காயும் கரைசல் மணிக்கணக்கில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க, நீர் புகுந்த இடத்தில் பாலிமர் திரிந்து பிரிகிறது. பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அப்படித்தான் ஓட்டை, அப்படித்தான் வெள்ளை. ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் இதே செய்முறை தெளிவாக வந்துவிடக்கூடும். எனவே வேறு ஊர்க்காரரின் செய்முறையை அப்படியே எடுக்கும்போது, அவர் ஊரின் ஈரப்பதத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, டிஎம்எஃப் கொதிப்பது 153 டிகிரியில். 60 டிகிரியில் அது முழுதாகப் போகாது. மிச்சமிருக்கும் கரைப்பானும், ஓட்டையில் ஒதுங்கிய ஈரமும், அவற்றில் கரைந்த அயனிகளும் குறைந்த அதிர்வெண்ணில் இங்கும் அங்கும் நகர்ந்து மின்முனை ஓரங்களில் குவிகின்றன. மீட்டருக்கு அது கூடுதல் மின்தேக்கமாகத் தெரியும். அந்த 14 வந்தது இப்படித்தான்.

சந்தேகம் தீர ஒரு வேலை செய்தோம். ஒரே அதிர்வெண்ணில் அளப்பதை விட்டு, 20 ஹெர்ட்ஸ் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினோம். வெள்ளைப் படலத்தின் கோடு இடது ஓரத்தில் செங்குத்தாக ஏறி நின்றது, இழப்புக் காரணியும் (ஆற்றலில் எவ்வளவு வீணாகிறது என்பதன் அளவு) கூடவே ஏறியது. தெளிவான படலத்தின் கோடு 20-லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய கிடைமட்டம். அப்புறம் வெள்ளையை வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் அளந்தோம். 14 போய், தெளிவான படலத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது. ஓட்டைக்குள் இப்போதுதான் உண்மையிலேயே காற்று.

வலது ஓரத்தில், 1 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது, இரண்டு படலத்திலும் இழப்பு மீண்டும் ஏறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நூல்கண்டின் நெளிவு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது அது. எந்தப் பதனிடலும் அதை ஒழிக்காது.

இரண்டாம் வழி, 110, 120 டிகிரியில் ஊற்றிக் காயவைப்பது. கரைப்பான் வேகமாகப் போகும், ஓட்டை இருக்காது, ஆனால் வருவது ஆல்ஃபா. முனைவாக்கம் இல்லாத (இருமுனைகள் ஒரே பக்கம் சாயாத), இழப்பு குறைந்த, சாதுவான படலம். 80, 90-ல் நிறுத்தினால் ஆல்ஃபாவும் பீட்டாவும் கலந்து வரும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விகிதத்தில். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆல்ஃபா மாதிரி தேவைப்பட்டால் தவிர இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாம் வழிதான் அந்தத் தெளிவான படலம். உலர்ந்த படலத்தை 200 டிகிரிக்குக் கொண்டுபோய், ஏழெட்டு நிமிடம் முழுக்க உருகவிட்டு, கண்ணாடியோடு ஐஸ் தண்ணீரில் முக்குவது. பிவிடிஎஃப் உருகுவது 170-ஐ ஒட்டி, அதனால் 200-ல் பழைய ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். தண்ணீரில் முக்கியவுடன் படிகங்கள் வளர நேரமில்லாமல் குட்டிக் குட்டியாக நின்றுவிடும். ஒளி சிதறாததால் படலம் கண்ணாடி மாதிரி இருக்கும். அடர்த்தியாகவும் இருப்பதால் மின்முறிவுக்கு முன் தாங்கும் புலமும் கூடுகிறது.

மின்தேக்கிக்கு இது ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். சேமிக்கும் ஆற்றல் மாறிலிக்கு நேர் விகிதம், மின்புலத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். மாறிலி 10, புலம் மீட்டருக்கு 300 மெகாவோல்ட் என்றால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 ஜூல். சந்தையில் மின்தேக்கிகளில் ஓடும் பாலிபுரொப்பிலீன் படலத்தின் மாறிலி வெறும் 2.2. ஆனால் அது 600 தாங்கினால் 3.5 ஜூல். ஐந்தில் ஒரு பங்கு மாறிலியை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறது, இழப்பும் மிகக் குறைவு. எனவே மாறிலியை 10-லிருந்து 11 ஆக்கப் பாடுபடுவதைவிட, தாங்கும் புலத்தை ஒரு பத்து சதவீதம் உயர்த்துவது இரட்டிப்பு லாபம். பீட்டா மிகுந்த படலம் இங்கே உபத்திரவமும்கூட. புலத்தை எடுத்த பிறகும் இருமுனைகள் திரும்பாமல் நின்றுகொள்ளும், உள்ளே போட்ட ஆற்றலில் ஒரு பகுதி சூடாகப் போகும். குட்டிப் படிகங்கள் திரும்பிவிடும்.

ஆனால் இந்த வழிக்கு மின்சாரம் நிலையாக இருக்க வேண்டும். 2023-ல், லோட்ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, அட்டவணையைச் சரியாகப் பார்க்காமல் அடுப்பை ஏற்றிவிட்டேன். 200 டிகிரியில் ஐந்தாவது நிமிடம். விளக்கு போனது, அடுப்பு போனது, புகையுறிஞ்சிப் பெட்டியின் விசிறியும் நின்றது. கரைப்பான் குப்பிகள் திறந்திருந்த அறையில் விசிறி இல்லாமல் நிற்கக் கூடாது, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஐஸ் தண்ணீர் மேசையிலேயே உருகிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், மூடிய அடுப்புக்குள் மெல்ல மெல்ல ஆறி, படலம் மங்கியிருந்தது. எஃப்டிஐஆரில் 763-ல் ஒரு கோபுரம். நான் செய்ய நினைத்தது பஞ்சு மிட்டாய், கையில் கிடைத்தது கற்கண்டு.

குளிர்வித்த படலத்துக்கு இன்னும் இரண்டு பேச்சு உண்டு. தண்ணீரில் முக்கியதால் அதை மறுபடி வெற்றிடத்தில், 60 டிகிரி போல, உலர்த்தியாக வேண்டும். அப்புறம், அறை வெப்பநிலையிலேயே நூல்கண்டு நெளிந்துகொண்டிருப்பதால், நாள்கணக்கில் கிடந்தால் மெல்ல மெல்லக் கூடுதல் படிகம் உண்டாகும். திங்கட்கிழமை செய்ததை அடுத்த வெள்ளிக்கிழமை அளந்து, திங்கட்கிழமை அளந்த இன்னொன்றோடு ஒப்பிடுவது நியாயமில்லை. படலம் பழுப்பேறினால், சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கழன்றுவிட்டது என்று பொருள். காரத்தன்மையுள்ள எதையாவது கலந்திருந்தால் அது எளிதில் நடக்கும். அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றோட்டத்தை முதலில் கவனியுங்கள்.

நான்காம் வழி, பொருளையே மாற்றுவது. பிவிடிஎஃப் கண்ணிகளுக்கு நடுவே டிரைஃப்ளோரோஎத்திலீன் கலந்த கூட்டுப்பாலிமர், 70-க்கு 30 விகிதம். கூடுதல் ஃப்ளோரின் இடித்துக்கொள்வதால் சங்கிலி முறுக்க முடியாமல் நேராக நிற்கிறது. இழுக்காமல், வித்தை எதுவும் காட்டாமல், கரைசலிலிருந்தே பீட்டா போன்ற படிகம் வந்துவிடும். விலைதான் பல மடங்கு.

இதில் பதனிடும் சூட்டுக்கு ஒரு குறுகிய சந்து இருக்கிறது. சூடாக்கும்போது 100 டிகிரிக்குச் சற்று மேலே கியூரி வெப்பநிலை (அதைத் தாண்டினால் இருமுனைகளின் ஒழுங்கு கலைந்துவிடும்), 150-ஐ ஒட்டி உருகுநிலை. இரண்டுக்கும் இடையில், 135 முதல் 140 டிகிரியில், சங்கிலிகள் படிகத்துக்குள்ளேயே வழுக்கி நகர முடியும். இரண்டு மணி நேரம் விட்டால் மெல்லிய படிகத் தகடுகள் தடித்து வளர்கின்றன. பதனிடாத படலத்தையும் இதையும் சின்னப் புலத்தில் அளந்தால் மாறிலியில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். பெரிய புலத்தை ஏற்றி இறக்கி, முனைவாக்கம் அதோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளையத்தை வரைந்தால்தான் தெரியும். பதனிட்டது அகலமாக, சதுரமாக, சதுர சென்டிமீட்டருக்கு 7 மைக்ரோகூலும் போல எஞ்சிய முனைவாக்கத்தோடு நிற்கும்.

"கொஞ்சம் கூட்டி 160 வச்சா இன்னும் நல்லா வருமா அண்ணா?" என்று அவள் கேட்டதும் நியாயமான கேள்விதான். வராது. உருகுநிலையைத் தாண்டி ஆறவிட்டால், மெல்லிய படலங்களில் சங்கிலிகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக எழுந்து நின்று படிகமாகும். சங்கிலி நிமிர்ந்தால் இருமுனை படுத்துவிடும், மேலிருந்து கீழாகக் கொடுக்கும் புலத்துக்கு அது திரும்பாது. 10, 15 டிகிரி தவறினாலே போச்சு. அடுப்பின் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், தகட்டின் மேலேயே ஒரு வெப்பமின்னிரட்டை (தெர்மோகப்பிள்) வைத்துப் பாருங்கள். எங்கள் அடுப்பில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 6 டிகிரி வித்தியாசம் இருந்தது.

மின்வெட்டைப் பொறுத்தவரை நான்காம் வழி கருணையுள்ளது. 140-ல் பாதி நேரத்தில் கரண்ட் போனாலும், மெல்ல ஆறுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. வந்ததும் மறுபடி 140-க்கு ஏற்றி மிச்ச நேரத்தை முடித்துக்கொள்ளலாம். ஈரத்துக்கும் விடை உண்டு. இந்தக் கூட்டுப்பாலிமர், 80 டிகிரியில் கொதிக்கும் மெத்தில் எத்தில் கீட்டோனிலும் கரையும். அது சீக்கிரம் பறந்துவிடும், ஈரம் வந்து உட்கார அவகாசம் குறைவு.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கடைசியில்தான் கேட்டேன். படலம் எதற்கு? அவள் திட்ட அறிக்கையைத் திறந்து காட்டினாள். செருப்புக்குள் வைக்கும் அழுத்த உணரி. மின்தேக்கியே இல்லை!

உணரிக்கு வேண்டியது அழுத்தத்துக்கு எவ்வளவு வோல்ட் வரும் என்பது. அந்த எண்ணில் மாறிலி கீழே, வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே அளவு மின்னூட்டம் வந்தால், மாறிலி கூடக்கூட வோல்ட் குறையும். மாறிலி ஆயிரக்கணக்கில் உள்ள, அழுத்தினால் மின்சாரம் தரும் பிஸெட்டி பீங்கான், மின்னூட்டத்தில் பிவிடிஎஃப்-ஐப் பத்து மடங்கு தாண்டினாலும், வோல்ட் கணக்கில் பிவிடிஎஃப்தான் ஏறக்குறைய பத்து மடங்கு மேலே நிற்பது இதனால்தான். இதுவரை நாங்கள் எந்த எண்ணைப் பெரிதாக்கப் பார்த்தோமோ, அது பெரிதாக இருக்கவே வேண்டியதில்லை.

வெள்ளைப் படலம் இங்கே இன்னொரு விதத்திலும் காலை வாரும். உணரி ஆக்க, இருமுனைகளை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். அதற்கு மீட்டருக்கு 50 மெகாவோல்ட்டுக்கு மேல் புலம் தேவை, நிதானமாக 100 என்று வைத்தால் 20 மைக்ரோமீட்டர் படலத்துக்கு 2,000 வோல்ட். ஓட்டையும் ஈரமும் உள்ள படலம் அங்கே போய்ச் சேருமுன் ஒரு சின்ன "டப்" சத்தத்தோடு கருகிவிடும்.

ஆக அவளுக்கு நான்காம் வழி என்று முடிவானது. கையில் காசு இல்லை, சாதா பிவிடிஎஃப் மட்டும்தான் என்றால், முதல் வழியை மழை குறைந்த ஜூலை மாதத்தில், ஈரமுறிஞ்சி வைத்த மூடிய பெட்டிக்குள், வெற்றிட உலர்த்தலோடு செய்யச் சொல்லியிருப்பேன். அப்படிச் செய்த உணரியையும் 80 டிகிரிக்கு மேல் சூடுபட விடக்கூடாது, திருப்பி வைத்த இருமுனைகள் கலைந்துவிடும். மின்தேக்கி செய்ய வந்திருந்தால் மூன்றாம் வழி, ஆனால் லோட்ஷெடிங் அட்டவணை ஏதும் இருந்தால் அதைப் பார்த்துவிட்டு.

அளவிடுவதில் ஒரு எச்சரிக்கை மட்டும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனை, 20 மைக்ரோமீட்டர் தடிப்பு, மாறிலி 10 என்றால் மொத்த மின்தேக்கம் 87 பிக்கோஃபாரட்தான். கேபிள் ஆடினாலே ஓரிரண்டு மாறும். தடிப்பில் 1 மைக்ரோமீட்டர் தவறினால் மாறிலியில் 5 சதவீதம் தவறும். 9.8-க்கும் 10.2-க்கும் நடுவே வெற்றி தோல்வி அறிவிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

புதிய படலம் 140 டிகிரியிலிருந்து இறங்கி, மின்முனை பூசி, மீட்டருக்கு வந்தபோது 1 கிலோஹெர்ட்ஸில் 11 சொச்சம் காட்டியது. அவள் நோட்டில் அதை எழுதினாள். பக்கத்தில் 20 ஹெர்ட்ஸ் எண்ணையும் எழுதினாள், 11.6. அப்புறம் சுவரில் தொங்கும் ஈரப்பதமானியை எட்டிப் பார்த்து, அதையும் எழுதிக்கொண்டாள். 74.